ஒரு நீச்சல்குளம், இரண்டு படங்கள், ஒரு சதுர மைல்

போன மாதம் பழைய ஆபீஸ் தம்பி ஒருத்தர் வாட்ஸப்பில் கேட்டார். “அண்ணா, முதல் கல்யாண நாளுக்கு பாம் ஸ்பிரிங்ஸ் போறோம். புதுசா கேமரா வாங்கியிருக்கேன். போட்டோ எடுக்க எந்த இடம் நல்லா இருக்கும்? நெட்ல கிடைச்ச லிஸ்ட் ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.”

லிஸ்ட்டைப் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கதவு வைத்த ஒரு வீடு. முக்கோணக் கூரை போட்ட பழைய பெட்ரோல் பங்க். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி கூரை விரிந்த வீடுகள் இருக்கும் தெரு. மர்லின் மன்றோவின் 26 அடிச் சிலை. காற்றாலைகள். நாலு ஓட்டல் நீச்சல்குளம். சரிபார்க்கலாம்னு வேற அஞ்சாறு லிஸ்ட்டையும் தேடிப் பார்த்தேன். வரிசை மட்டும்தான் மாறுது, இடங்கள் மாறலை. படங்களின் கோணம்கூட மாறலை.

அவருக்கு ரெண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு ஊரில் “நல்ல இடம்” எது என்பதை யார் முடிவு செய்தது என்ற கேள்வி என்னை விடலை. தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இது. தம்பிக்குச் சொல்ல நினைத்த பதில் கடைசியில் இருக்கு. அவசரம் இருக்கிறவங்க நேரா அங்கே போயிடலாம்.

முதலில் ஊர்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே காரில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கோச்செல்லா பள்ளத்தாக்கு. அதன் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டி பாம் ஸ்பிரிங்ஸ். பாலைவனம் என்றதும் நம்ம மனசில் வரும் மணல்மேடும் ஒட்டகமும் இங்கே கிடையாது. கல், சரளை, குட்டைப் புதர், அதுக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் சான் ஹசிண்டோ மலை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 அடிக்கும் குறைவான உயரம். மலை உச்சி 10,834 அடி. அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மைல் உயரம், ஊரின் தோள்மேலேயே. இந்த மலையை ஞாபகம் வச்சுக்கங்க, கட்டுரை முழுக்க இது வந்துகிட்டே இருக்கும்.

ஹாலிவுட்காரர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஊராக இது 1930களிலேயே பேர் வாங்கிவிட்டது. ஆனால் இன்றைக்கு நாம் “பாம் ஸ்பிரிங்ஸ் மாதிரி” என்று சொல்லும் தோற்றத்தை உண்டாக்கியதில் ரெண்டு புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரெண்டும் ஒரே வீட்டில், ஒரே நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் எடுத்தவை.

படம் ஒன்று: 1947

பிட்ஸ்பர்க்கில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திய எட்கர் காஃப்மன், குளிர்காலத்துக்கு ஒரு வீடு வேணும்னு கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ராவிடம் கேட்டார். அருவி மேலேயே கட்டிய ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டை ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் கட்டி வாங்கினவரும் இதே காஃப்மன்தான். 1946ல் வீடு முடிந்தது. 1947ல் ஜூலியஸ் ஷுல்மன் அதைப் படம் எடுத்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். சூரியன் மலைக்குப் பின்னால் போயாச்சு, வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கு. வீட்டின் கண்ணாடிச் சுவர்களுக்குள் விளக்கு எரியுது. குளத்தின் ஓரத்தில் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறார், வீட்டுக்காரம்மா லிலியன் காஃப்மன். அவர் அங்கே படுத்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. குளத்தின் விளக்கு லென்ஸில் நேரா அடிக்காமல் மறைக்கத்தான் ஷுல்மன் அவரை அங்கே இருக்கச் சொன்னார். ஷட்டரைத் திறந்து, மூடி, உள்ளே ஓடிப் போய் விளக்குகளைப் போட்டு, அணைச்சு, மறுபடி திறந்து, முக்கால் மணி நேரம் ஒரே ஃபிலிமில் சேர்த்த படம் இது.

நான் இந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்திருக்கேன். இதோட பலம் வீடு இல்லை, நேரம். மலை பெரிசா, இருட்டா, மேலே நிக்குது. வீடு கீழே சின்ன வெளிச்சமா இருக்கு. கொஞ்ச நேரத்தில் இந்த வெளிச்சத்தைச் சுத்தி எல்லாமே இருட்டாயிடும்னு பார்க்கிறவனுக்குத் தெரியுது. ஆடம்பர வீட்டைக் காட்டும் படம்தான், ஆனா அதுக்குள்ள ஒரு பயம் இருக்கு. வீடு பாலைவனத்தில் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருக்கு.

படம் இரண்டு: 1970

23 வருஷம் கழித்து அதே குளத்துக்கு ஸ்லிம் ஆரன்ஸ் வந்தார். இரண்டாம் உலகப் போரில் போர்க்களப் படங்கள் எடுத்தவர். போர் முடிந்ததும் பணக்காரர்களின் ஓய்வு வாழ்க்கையைப் படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். ‘பூல்சைட் காசிப்’ என்ற அவரது வண்ணப்படம் உங்கள் கண்ணில் எங்காவது பட்டிருக்கும். பட்டப்பகல். ரெண்டு பெண்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்காங்க. மஞ்சள் உடை பளிச்சுன்னு கண்ணில் படுது. இன்னொருத்தர் நடந்து வர்றார். நீலக் குளம், பின்னால் அதே வீடு, அதுக்கும் பின்னால் அதே மலை.

இது மோசமான படம்னு சொல்ல வரலை. நிறங்களை வைத்திருக்கும் விதம் பிரமாதம். ஆனா ஷுல்மன் படத்தில் ஆளை மிரட்டிய மலை இதில் திரைச்சீலை ஆகிவிட்டது. ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடும் வரைஞ்ச துணி மாதிரி. வெயில்கூட சுடலை. இந்தக் குளத்துக்கு வெளியே ஒரு ஊர் இருக்கு, யாரோ இந்தக் குளத்தைக் கழுவறாங்க, யாரோ அந்தத் துண்டைத் துவைக்கறாங்க என்ற எண்ணமே எழாத அளவுக்கு சட்டகம் மூடியிருக்கு.

தம்பி அனுப்பின லிஸ்ட்டில் முக்கால்வாசி இந்த ரெண்டாவது படத்தின் பிள்ளைகள்தான். இளஞ்சிவப்புக் கதவு, மஞ்சள் நாற்காலி, நீல வானம், ஒரு தொப்பி போட்ட ஆள். வேடிக்கை என்னன்னா, மூலப்படம் எடுத்த வீட்டை நீங்கள் எடுக்கவே முடியாது. அது தனியார் வீடு. தெருவில் நின்றால் கல்சுவரும் செடியும் தாண்டிக் கொஞ்சம்தான் தெரியும். குளம் தெரியாது. அதனாலதான் அதைப்போல இருக்கும் மாற்று இடங்களைத் தேடி எல்லோரும் அலையறாங்க. அந்தக் கதவு வீடும் ஒருத்தர் குடியிருக்கிற வீடுதான். வாசலில் வரிசையில் நின்னு படம் எடுக்கிற கூட்டத்தை அங்கே இருக்கிறவங்க தினமும் சமாளிக்கணும்.

லிஸ்ட் சொல்லாத முதல் விஷயம்: வெளிச்சம்

இந்த லிஸ்ட்களோட தொழில்முறைக் குறை இது. இடத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. சொன்னாலும் “கோல்டன் ஹவர்” என்று பொதுவா ஒரு வார்த்தை.

ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கு. மாலையில் சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாடியே மலைக்குப் பின்னால் போயிடும். குளிர்காலத்தில், அதுவும் மலையை ஒட்டிய தெருக்களில், ஆபீஸ் விடுவதற்கு முன்னாலேயே நிழல் விழுந்துவிடும். சாயங்காலத் தங்க வெயிலை நம்பி அங்கே போய் நின்றால் கிடைப்பது நிழல்தான். அந்தத் தங்க வெளிச்சம் இங்கே காலையில் வரும். கிழக்கிலிருந்து வரும் முதல் வெயில் மலை முகத்தில் நேரா அடிக்கும். முதலில் உச்சி சிவக்கும், பிறகு வெளிச்சம் மெதுவா கீழே இறங்கி வரும். அந்த நேரத்தில் லிஸ்ட்காரர்கள் தூங்கிக்கிட்டிருப்பாங்க, தெருவில் யாரும் இருக்க மாட்டாங்க.

மாலைக்குக் கிடைப்பது வேற ஒண்ணு. சூரியன் மறைந்த பிறகும் வானம் ரொம்ப நேரம் வெளிச்சமா இருக்கும், கீழே எல்லாம் ஒரே சீரான மென்மையான ஒளி. ஷுல்மன் உபயோகிச்சது இதைத்தான். அவர் “லொக்கேஷன்” தேடலை. மலை என்ன செய்யும்னு காத்திருந்து பார்த்தார்.

காற்றாலைகளும் அப்படித்தான். அவை அங்கே இருப்பதே மலையால்தான். தெற்கே சான் ஹசிண்டோ, வடக்கே 11,503 அடி சான் கொர்கோனியோ, ரெண்டுக்கும் நடுவில் ஒரு குறுகின கணவாய். பாலைவனத்தில் சூடான காற்று மேலே எழும்ப, கடற்கரைப் பக்கத்துக் குளிர்ந்த காற்று அந்தக் கணவாய் வழியா உறிஞ்சப்பட்டு வேகமா வரும். 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே காற்றாலைகள். மத்தியானம் போய் வெள்ளைக் கம்பத்துக்குக் கீழே நின்னு எடுத்தால் எல்லார்கிட்டயும் இருக்கிற படம்தான் வரும், லென்ஸில் மணலும் அடிக்கும். குளிர்காலக் காலையில் தள்ளி நின்னு, டெலி லென்ஸில் பனி மூடின உச்சியோடு சேர்த்து எடுத்தால், காற்றாலை ஏன் அங்கே இருக்கு என்பதும் படத்திலேயே வந்துவிடும்.

இரண்டாவது விஷயம்: நிலம்

ஊருக்குப் பேர் கொடுத்த பனையும் ஊற்றும் லிஸ்ட்டில் எங்கே இருக்கு? பெரும்பாலும் கடைசியில், “நேரம் இருந்தால்” என்ற தலைப்பில்.

பனை, ஊருக்குத் தெற்கே இருக்கும் பள்ளத்தாக்குகளில் இருக்கு. பாம் கேன்யன் மட்டும் சுமார் 15 மைல் நீளம். நட்டு வளர்த்ததில்லை, இயற்கையா வளர்ந்த விசிறிப் பனைகள். காய்ந்த ஓலை விழாமல் மரத்தைச் சுத்திப் பாவாடை மாதிரித் தொங்கும். வெளியே கல் கொதிக்கும்போது உள்ளே ஓடையும் நிழலும். அகுவா கலியெண்டே கஹுயிய்யா பழங்குடி மக்களின் நிலம் இது. நுழைவுக் கட்டணம் அவங்களுக்குப் போகுது, நேரத்தையும் அவங்கதான் வைக்கறாங்க, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. சூரிய உதயப் படம், நட்சத்திரப் படம் எல்லாம் இங்கே நடக்காது. லிஸ்ட்டில் கீழே போனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எனக்கு அது குறையாத் தெரியலை. ஒரு இடம் “இப்ப போதும், கிளம்புங்க” என்று சொல்வது நல்லதுதான்.

ஊற்று, ஊருக்கு நடுவில் இருக்கு. அதைச் சொல்ல ஒரு கணக்கு சொல்லணும். 1870களில் அமெரிக்க அரசு இந்தப் பகுதியைச் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு சதுர மைல் கட்டங்களாகப் பிரித்தது. ஒற்றைப்படைக் கட்டங்கள் ரயில் கம்பெனிக்கு, இரட்டைப்படைக் கட்டங்கள் பழங்குடிக்கு. ரயில் கம்பெனிக் கட்டங்கள் கைமாறி ஊராகின. வெந்நீர் ஊற்று இருக்கும் 14ஆம் கட்டம் பழங்குடி நிலமாகவே நின்றது. ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது.

அந்த நிலத்தை ரொம்ப நாள் வரை குறுகின காலக் குத்தகைக்குத்தான் விட முடியும் என்று சட்டம். அதனால் பெரிய கட்டடம் கட்ட யாரும் வரலை. ஊரின் மற்ற பகுதிகளில் வீடு கிடைக்காத கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் அங்கே சின்னச் சின்ன வீடு கட்டிக் குடியிருந்தாங்க. ஓட்டல்களில் படுக்கை விரிச்சவங்க, கட்டடம் கட்டினவங்க, தோட்டம் பார்த்தவங்க. 1959ல் 99 வருஷக் குத்தகைக்குச் சட்டம் வழி விட்டதும் நிலத்தின் மதிப்பு எகிறியது. 1950களிலும் 60களிலும் அந்த வீடுகள் காலி செய்யப்பட்டன. இடித்தார்கள், ஊர்த் தீயணைப்புத் துறையே சில வீடுகளுக்குத் தீ வைத்தது. வேலைக்குப் போய்த் திரும்பினபோது வீடு இல்லை என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் 1968 அறிக்கை, இது நகர நிர்வாகமே திட்டமிட்டு நடத்திய பேரழிவு என்ற பொருளில் கடுமையாக எழுதியது. அதே 1968ல், பழங்குடியினரின் சொத்தைப் பராமரிக்க நீதிமன்றம் நியமித்தவர்கள் அவர்களையே சுரண்டியதை வெளிக்கொண்டுவந்த ரிவர்சைடு பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆக, நிலத்தின் சொந்தக்காரங்களும் அதில் ஏமாந்தாங்க, குடியிருந்தவங்களும் போனாங்க.

இப்ப தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைங்க. 1968ல் அறிக்கை. 1970ல் மஞ்சள் உடைப் படம். அந்தக் குளத்திலிருந்து 14ஆம் கட்டம் சில நிமிஷக் கார்ப் பயணம்.

இன்னொரு தகவல் என்னை உறுத்தியது. 1958லிருந்து 1966 வரை மேயராக இருந்த ஃபிராங்க் போகர்ட், அதற்கு முன் எல் மிராடோர் ஓட்டலின் விளம்பர வேலையைப் பார்த்தவர். ஊரின் பிம்பத்தை உருவாக்குவதுதான் அவர் தொழிலே. வீடுகள் அகற்றப்பட்டதில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதில் ஊருக்குள் சண்டை இன்னும் ஓயலை. 2021ல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. 2022ல் நகர மன்றக் கட்டடத்துக்கு முன் இருந்த அவரது சிலையை எடுத்தார்கள். 2024 நவம்பரில், வீடிழந்தவர்களுக்கும் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

மலையைப் பார்க்கும் உரிமை

“போட்டோ எடுக்க இடம் கேட்டா வரலாற்றுப் பாடம் நடத்தறீங்களே” என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்விதான். அதுக்கு ஒரு பதில் இருக்கு.

ஊரின் கிழக்கே நகராட்சியின் கோல்ஃப் மைதானம் ஒன்று. அதை ஒட்டி, கறுப்பினத் தொழில் முனைவோர் லாரன்ஸ் கிராஸ்லி 1950களில் தன் மக்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. ரெண்டுக்கும் நடுவே டாமரிஸ்க் மரங்கள், நம்ம ஊர் சவுக்கு மாதிரி நெருக்கமா வளர்வது, ஒரே வரிசையா நட்டிருந்தாங்க. பல பத்து வருஷம் அந்த வீடுகளில் இருந்து மைதானமும் தெரியாது, மலையும் தெரியாது. மரங்களை எடுங்க என்று அங்கே இருந்தவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2018ல்தான் வெட்டி எடுத்தார்கள்.

நாம் “வியூ” என்று சர்வசாதாரணமா சொல்வது இந்த ஊரில் யாருக்குக் கிடைக்கணும், யாருக்குக் கூடாது என்று பிரிச்சுக் கொடுத்த ஒரு சொத்து. ஆரன்ஸ் படத்தில் திரைச்சீலையாகத் தொங்கும் அதே மலை, சில மைல் தள்ளி ஒரு குடும்பத்துக்கு மரவேலிக்குப் பின்னால் ஒளிஞ்சிருந்தது. இது தெரிஞ்ச பிறகு மலையைப் பின்னணியா மட்டும் வச்சு எடுக்க என்னால் முடியலை.

அதுக்காக பட்டாம்பூச்சிக் கூரை வீட்டை எடுக்காதீங்க என்று சொல்லலை. அலெக்சாண்டர் கம்பெனி 1950, 60களில் கட்டிய 2,000க்கும் மேற்பட்ட வீடுகள், நல்ல வடிவமைப்பு நடுத்தரக் குடும்பத்துக்கும் கிடைக்கணும் என்ற யோசனையில் வந்தவை. அதுவும் ஒரு கதை. ஆல்பர்ட் ஃப்ரேயும் ராப்சன் சேம்பர்ஸும் 1965ல் முடித்த அந்த பெட்ரோல் பங்க், இப்ப ஊரின் வரவேற்பு மையம். அதன் கூரை நிஜமாகவே பறக்கிற மாதிரி இருக்கும். நான் குறை சொல்வது கட்டடத்தை இல்லை, வெட்டும் பழக்கத்தை. லிஸ்ட் சொல்லும் கோணத்தில் நின்றால், 1970ல் வெட்டி விட்டதையே நாமும் வெட்டி விடுகிறோம், அதுவும் யோசிக்காமல்.

தம்பிக்கு என் பதில்

ஒண்ணு. விடிவதற்கு முன் எழுந்து, ஊரின் கிழக்குப் பக்கம் போய் மலையைப் பார்த்து நில்லுங்க. வெயில் இறங்கும் அரைமணி நேரம் முழுக்க அங்கேயே இருங்க. வீட்டம்மாவை அந்த வெளிச்சத்தில் எடுங்க, வேற எதுவும் வேண்டாம்.

ரெண்டு. காலை எட்டு மணிக்கு கேன்யன் வாசல் திறக்கும்போது உள்ளே போங்க. தண்ணி நிறைய எடுத்துக்கங்க. கோடையில் இது விளையாட்டு இல்லை, 2024 ஜூலை 5ஆம் தேதி இங்கே 124 டிகிரி ஃபாரன்ஹீட் அடிச்சிருக்கு.

மூணு. கேபிள் காரில் மேலே போங்க. 1963லிருந்து ஓடுது. 2,643 அடியிலிருந்து 8,516 அடிக்குப் பத்து நிமிஷத்தில் போயிடும், மேலே குளிரும், ஸ்வெட்டர் வேணும். எல்லோரும் அங்கே செல்ஃபி எடுப்பாங்க. நீங்க கீழே பாருங்க. மைல் கணக்கில் போட்ட நேர்ச் சாலைகள், பழுப்புக்கு நடுவில் வெட்டி ஒட்டின மாதிரி கோல்ஃப் பச்சை. அந்தச் சதுரங்கப் பலகை இன்னும் தெரியுது.

நாலு. மத்தியானத்தில் 14ஆம் கட்டத்தைச் சுத்தி நடங்க. வடக்கே அலெஹோ ரோடு, தெற்கே ரமோன் ரோடு, மேற்கே இண்டியன் கேன்யன் டிரைவ், கிழக்கே சன்ரைஸ் வே. ஓட்டல், கேசினோ, மாநாட்டு மையம் எல்லாம் இருக்கும். ஊற்று இருக்கும் மூலையில், பழங்குடியினரே 2023ல் திறந்த அருங்காட்சியகமும் குளியல் மையமும் இருக்கு. முதலில் மியூசியத்துக்குள் போங்க, கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

அஞ்சு. சாயங்காலம் நிழல் விழுந்ததும் கிளம்பிடாதீங்க, நல்ல நேரம் அப்பதான் ஆரம்பிக்குது. தங்கியிருக்கிற ஓட்டலின் குளத்துப் பக்கம், விளக்கு போடும் நேரத்தில் ஒரு படம் எடுங்க. அதுக்கு முன்னால் ஒரு தடவை திரும்பி, உங்களுக்குப் பின்னால் என்ன இருக்குன்னும் பாத்துக்கங்க. துண்டு மடிக்கிறவர் நின்னுகிட்டிருந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்க. படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

இதை அனுப்பினதும் அவர் பதில் போட்டார்: “அண்ணா, கதவுக்குப் போகவே கூடாதா? அவங்க ரொம்ப ஆசையா இருக்காங்க.”

போங்க தம்பி. பொது நடைபாதையிலேயே நின்னு, சத்தம் போடாமல், ரெண்டே படம் எடுத்துட்டு வந்துடுங்க. மத்த மூணு நாளும் உங்களுடையது. திரும்பி வந்ததும் எல்லாப் படத்தையும் அனுப்புங்க, காலையில் எடுத்ததை முதலில் பார்க்கணும்.